ஜூன் மாதத்தில் கார்டு எடுக்காதீர்கள்

பிடிஎஸ் (ஏழு பேர் கொண்ட கொரியப் பாட்டுக் குழு) பேரில் வருகிற கேமை எல்லாம் எதற்கு விளையாடுகிறாய், பாட்டைக் கேட்டால் போதாதா என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. பாம்பனில் வீடு, தங்கச்சிமடத்தில் ஒரு நெட் சென்டரில் வேலை. நிவாரண விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட் என்று நாள் முழுக்க அடுத்தவர் போனும் அடுத்தவர் ஆதாரும்தான் கையில். அதனால் இந்த கேம்களைப் பற்றி ரசிகையாகவும் பேச முடியும், அதில் காசை விட்டுவிட்டு வந்து கவுண்டரில் முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்தவளாகவும் பேச முடியும். இரண்டையும் கலந்தே எழுதுகிறேன், பிரித்து எழுத வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘பிடிஎஸ் வேர்ல்ட்’. 2019 ஜூன் 26-ல் வந்தது, தென்கொரியாவின் நெட்மார்பிள் வெளியிட்டது. கதை என்னவென்றால், நீங்கள் திடீரென்று 2012-க்குப் போய்விடுகிறீர்கள். ஏழு பேரும் இன்னும் மேடை ஏறவில்லை. நீங்கள்தான் மேனேஜர், ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சேர்த்து 2013 அறிமுகம்வரை கொண்டுபோக வேண்டும். இதற்கென்றே எடுத்த புதுப் படங்கள் 10,000-க்கு மேல், வீடியோ 100-க்கு மேல் என்று விளம்பரம் செய்தார்கள். கேம் வருவதற்கு முன்னால் அந்த ஜூனில் வாரம் ஒரு பாட்டு விட்டார்கள், சார்லி எக்ஸ்சிஎக்ஸ், சாரா லார்சன், ஜூஸ் வேர்ல்டு என்று ஆளுக்கொரு வெளிநாட்டுப் பாடகரோடு. அப்போது நான் காலேஜ். பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாட்டுகளைக் கேட்டு முடிப்பதற்குள் மண்டபம் வந்துவிடும், மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த கேம் வந்து வாய்த்தது.

கேம் என்று பார்த்தால் சுமார்தான், இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கையில் இருக்கிற கார்டுகளில் (ஏழு பேரின் படம் போட்ட கேம் அட்டைகள்) நாலைந்தை எடுத்து வைத்தால் அதன் மதிப்பைக் கூட்டிப் பார்த்து ஜெயித்தாய், தோற்றாய் என்று அதுவே சொல்லும். விரலுக்கு வேலை இல்லை, மூளைக்கும் பெரிதாக இல்லை. தோற்றால் கார்டை வளர்க்க வேண்டும், இல்லை புதுக் கார்டு எடுக்க வேண்டும், எது வரும் என்பது குலுக்கல் மாதிரிதான். கதை சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்துத்தான் தோற்கவும் வைக்கும், அது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மெசேஜும் போன் காலும் இருக்கிறதே, அதற்காகத்தான் ரசிகர்கள் கிடந்தார்கள். கேமுக்குள்ளேயே ஒரு போன் இருக்கும். ஏழு பேரும் மெசேஜ் போடுவார்கள், நாம் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்கிற பதிலைப் பொறுத்து அவர்களோடு நெருக்கம் கூடும். திடீரென்று கால் வரும், எடுத்தால் அவர்களுடைய சொந்தக் குரல். கொரியனில் பேசுவார்கள், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும், தமிழ் கிடையாது. ஒருநாள் ராத்திரி சித்தி வீட்டுத் திண்ணையில் என் தங்கச்சி (சித்தி மகள்) போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தாள். உள்ளே கருவாடு பிரித்துக்கொண்டிருந்த சித்திக்கு ஆம்பளைக் குரல் கேட்டுவிட்டது. “யாருடி அவன், இந்நேரத்துல?” என்று கையில் உப்போடு வெளியே வந்துவிட்டார். இவள் பயந்துபோய் திரையைக் காட்ட, அந்த ஏழு பேரில் ஒருவனான ஜின் சிரித்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். சித்தி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். “என்ன சொல்றான்?” “சாப்ட்டியான்னு கேக்குறான்மா.” சித்தி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது, “நீ இன்னும் சாப்புடலன்னு சொல்லு” என்றார். அதோடு அந்த கேமுக்கு எங்கள் குடும்பத்தில் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

பக்கக் கதைகளும் உண்டு. இவர்கள் பாடகர்களே ஆகாமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று ஆளுக்கொரு கதை. அதில் வி ஸ்ட்ராபெரித் தோட்டத்துப் பையன், ஜங்குக் டேக்வாண்டோக்காரன். கேமில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் புகழ் இல்லாத ஒரு பையனைப் பார்த்துக்கூட இரக்கம் வருகிற மாதிரி எழுதியிருந்தார்கள். மேனேஜர் கதையில் அந்த உணர்வு வரவில்லை. ரசிகை ஏற்கெனவே மேனேஜர் வேலைதானே பார்க்கிறாள், ஓட்டுப் போடுகிறாள், பாட்டை ஓடவிட்டு எண்ணிக்கை ஏற்றுகிறாள், சண்டைக்குப் போகிறாள். அதையே மறுபடி கேமிலும் செய்யச் சொன்னால் ஓவர்டைம்தான், அதுவும் நம்ம காசில்.

இது என்ன புதுப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எங்கள் அம்மாவே எனக்காகச் சண்டைக்கு வருவார். இந்தக் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி தெளிவாகக் கேட்கும். அம்மா காலத்தில் பாட்டுக் கேட்டு போஸ்ட்கார்டு போட்டுவிட்டு, பாட்டைவிடத் தன் பேரை வாசிக்கிறார்களா என்பதற்காகக் காத்திருப்பார்களாம். அறிவிப்பாளர் பி.ஹெச்.அப்துல் ஹமீது குரலில் தன் பேர் வந்தால் அன்றைக்குத் தெருவே அவர்களுடையது. ஆக, தூரத்தில் இருக்கிற குரல் ஒன்று நம்ம பேரைச் சொல்ல வேண்டும் என்கிற ஆசை எங்கள் வீட்டில் என்னோடு தொடங்கியது இல்லை. ஒரே வித்தியாசம், போஸ்ட்கார்டுக்கு ஒரு விலைதான், எத்தனை போட்டாலும் அதன் விலை ஏறாது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பும் அதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், ஆனால் படகில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் உடைக்கிறவர், வலை கட்டுகிறவர், லோடு ஏற்றுகிறவர் எல்லார் வீட்டிலும் ஜூன் தொடக்கம் என்றால் கடைசி ரூபாய் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். இப்போது ஆர்மி (பிடிஎஸ் ரசிகர் கூட்டத்தின் பேர்) காலண்டரைப் பாருங்கள். பிடிஎஸ் அறிமுகமான நாள் ஜூன் 13. அதை ஒட்டித்தான் ஆண்டுவிழா, சிறப்புப் படங்கள். கேம்களிலும் ‘இந்த வாரம் மட்டும்’ என்கிற கார்டுகளுக்கு அதுதான் தோதான சமயம். எங்கள் ஊரில் வருஷத்திலேயே கை ரொம்ப வறண்டிருக்கும் வாரமும், ரசிகைக்கு ஆசை ரொம்பக் கூடுகிற வாரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனால் நெட் சென்டரில் ஜூன் மாதம் எனக்கு வேலை அதிகம்.

தடைக்கால நிவாரணம் முன்பு 5,000 ரூபாய், 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள். இந்த மாதிரி பல கேம்களில் பெரிய ஜெம் (கார்டு எடுக்க கேமுக்குள் செலவழிக்கிற காசு) பொதியின் விலை 100 டாலரை ஒட்டி இருக்கும். ரூபாயில் போட்டால் ஒரு குடும்பத்தின் மொத்த நிவாரணமும் ஒரே தட்டலில் தீர்ந்துவிடும். மிகைப்படுத்தவில்லை. நிவாரணம் ஏறிய மெசேஜும், அதற்குக் கீழேயே ஏதோ ஒரு கேமுக்கு (பேர் வேண்டாம்) போன மெசேஜும் இருக்கிற போனைக் கையில் வாங்கியிருக்கிறேன். பின் நம்பர் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று அந்த அண்ணன் கேட்டார். எப்படித் தெரியாமல் போகும்? டீசல் கடைக்கும் வலைக்கடைக்கும் “நீயே போட்டு விடும்மா” என்று பிள்ளையிடம்தானே போனை நீட்டுகிறோம்.

அந்த மாதிரி நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளையை அடிக்காமல் பணத்தைத் திருப்பிக் கேட்பது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கேட்பதுதான் நல்லது. அதற்குப் பிறகு கேம் கம்பெனியிடம் போய்க் கெஞ்ச வேண்டிவரும். ஒரு வாரம் வீட்டில் சண்டை போட்டுவிட்டு அப்புறம் வருகிறார்கள், அதற்குள் ஜெம்மும் செலவாகியிருக்கும். இன்னொன்று, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரே போன் இருக்கிற இடத்தில் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், கைரேகை அம்மாவுடையதாக இருக்கட்டும். ரீசார்ஜ் கடையில் ரிடீம் கோடு வாங்கிப் போட்டால் பின் நம்பர் எதுவும் கேட்காது, அதனால் பாக்கெட் மணி திடீரென்று கரைந்தால் அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

அப்புறம் கணக்கு. ‘அபூர்வக் கார்டு கிடைக்கும் வாய்ப்பு 1 சதவீதம்’ என்று போட்டிருந்தால், 100 தடவை எடுத்தால் ஒன்று கட்டாயம் வரும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். வராது. ஒவ்வொரு தடவையும் வராமல் போக 99 சதவீதம் வாய்ப்பு. அதை நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 37 சதவீதம் நிற்கும். அதாவது ஆளுக்கு 100 தடவை எடுத்த 100 பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். அந்த 37 பேர் ஆன்லைனில் படம் போட மாட்டார்கள், கிடைத்தவர்கள்தான் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு “எல்லாருக்கும் கிடைக்குது, எனக்கு மட்டும் ராசி இல்லை” என்று தங்கச்சி அழுவாள். இந்த சதவீதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே விதி போட்டது, தென்கொரியாவில் 2024 மார்ச் 22 முதல் சட்டமே வந்துவிட்டது. ஆகவே பெரும்பாலான கேம்களில் கார்டு எடுக்கும் திரையின் மூலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறியோ ‘ஐ’ எழுத்தோ இருக்கும், அதைத் தட்டுங்கள். இத்தனை தடவைக்குள் கட்டாயம் தருவோம் என்று உறுதி ஏதும் இருக்கிறதா என்பதையும் அங்கேதான் எழுதியிருப்பார்கள். இருந்தால், அந்த எண்ணிக்கை சேரும்வரை இலவச ஜெம்மைத் தொடாமல் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். சும்மா அரிப்புக்கு ஒன்றிரண்டு என்று எடுத்துக்கொண்டே இருந்தால் ஆண்டுவிழா வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

என் வழக்கம் என்னவென்றால், ஜனவரியிலிருந்தே தினசரி லாக்-இன்னுக்குத் தருகிற ஜெம்மைச் சேர்த்து வைப்பேன், ஜூனில் சேர்த்தது தீர்ந்ததும் நிறுத்திவிடுவேன். காசு போட்டு வாங்குவதாக இருந்தால் ஆகஸ்ட்டுக்கு மேல்தான். அதற்குள் படகெல்லாம் கடலுக்குப் போய் வீட்டில் கொஞ்சம் புழக்கம் வந்திருக்கும், அதைவிட முக்கியம், அந்தக் கார்டு மேல் இருந்த வெறியே போயிருக்கும். பாதிக்குப் பாதி நான் வாங்காமலே விட்டதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

தாளம் பார்த்துத் தட்டுகிற கேம்கள் வேறு ரகம், ‘ரிதம் ஹைவ்’ மாதிரி. பாட்டு ஓட ஓட விழுகிற குறிகளைச் சரியான நேரத்தில் தட்ட வேண்டும். இதில் திறமைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனால் எனக்கு மரியாதையும் உண்டு. ப்ளூடூத் இயர்போனில் இதை விளையாடவே விளையாடாதீர்கள். சத்தம் காதுக்கு வர நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதம் ஆகும். பாட்டுக் கேட்க அது தெரியாது, தட்டும்போது எல்லாமே தப்பாகும், நாமோ விரலைத் திட்டிக்கொண்டிருப்போம். வயர் இயர்போன் போடுங்கள், செட்டிங்ஸில் சத்தத்தையும் திரையையும் பொருத்துகிற இடம் இருக்கும், போன் மாற்றினால் அதை மறுபடி சரி செய்யுங்கள்.

வயர் இயர்போன் என்றதும் நம்ம ஊர்ப் பிரச்சினை வந்துவிடும். உப்புக்காற்று. பாம்பனில் இயர்போன் முனையைச் சும்மா மேசையில் வைத்திருந்தாலே பச்சையாகக் களிம்பு ஏறிவிடும், ஒரு காதில் கரகரவென்று சத்தம், இன்னொரு காதில் ஒன்றுமே வராது. சார்ஜ் குத்துகிற ஓட்டையும் அப்படித்தான். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து இன்னும் கெடும். மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள், போனை அணைத்துவிட்டு, அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். இயர்போனை மூடியுள்ள டப்பாவில் போட்டு வைப்பது அதைவிட நல்லது. கடற்கரையில் உட்கார்ந்து விளையாடினால் விரலில் உப்புப் பிசுபிசுப்பு ஏறித் திரை தொடுவதை ஒழுங்காக எடுக்காது. என் தங்கச்சி விரலில் பவுடர் போட்டுக்கொள்வாள், பார்க்கச் சிரிப்பு வரும், ஆனால் அவள் மதிப்பெண்ணை என்னால் தொட முடிந்ததில்லை.

டேட்டா. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இந்த கேம்களை இறக்குவது பாதியில் நின்றுவிடும், மறுநாள் சில கேம்கள் முதலிலிருந்து கேட்கும். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் இறக்க ஆரம்பியுங்கள். அன்றைய மிச்சமும் பன்னிரண்டு மணிக்குப் புதிதாக வருகிறதும் சேர்ந்து ஒரே மூச்சில் முடிந்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் போனில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அரிச்சல்முனையில் நிற்கும்போது போன் அக்கரை இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். போஸ்ட்பெய்டு வைத்திருக்கிறவர் அங்கே நின்று கேமைத் திறந்தால் பில் வரும்போது தெரியும்.

‘கெஸ்ட்’ என்று உள்ளே போய் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கணக்கு அந்த போனோடு சரி. எங்கள் தெருப் பையன் ஒருவன் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டே விளையாடி போனைக் கடலில் விட்டான். புது போன் வாங்கிக் கொடுத்தார்கள், மூன்று வருஷக் கார்டுகளை யாரால் வாங்கிக் கொடுக்க முடியும்? கூகுள் கணக்கோடு இணைப்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும், அதுவும் பிள்ளையின் சொந்தக் கணக்காக இருக்கட்டும், அண்ணன் கணக்கில் இணைத்துவிட்டு அவன் துபாய் போனபின் தவிக்க வேண்டாம்.

இணைத்து வைத்தாலும் கேமே ஒருநாள் மூடும். பிடிஎஸ் வேர்ல்டை 2023 டிசம்பரில் மூடினார்கள். ஜின் 2022 டிசம்பரிலேயே கட்டாய ராணுவ சேவைக்குப் போயிருந்தார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த சமயம். போன் கால், மெசேஜ், அந்த ஸ்ட்ராபெரித் தோட்டம் எல்லாம் கம்பெனி சர்வரில் இருந்ததுதான், சர்வர் நின்றதும் ஆப் திறக்காது. மூடப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும், வழக்கமாக அதோடு ஜெம் விற்பனையையும் நிறுத்துவார்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் பிடித்த பக்கங்களை அப்போதைக்கப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு வெளியே சேமித்து வையுங்கள். நான் எடுத்தவற்றில் படங்களைவிட மெசேஜ்களே அதிகம். படம் எங்கேயும் கிடைக்கும், ‘சாப்ட்டியா’ வேறு எங்கே கிடைக்கும்.

கார்டு கையில்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, ரசிகர்கள் சேர்க்கிற சின்னப் பட அட்டையான போட்டோகார்டின் அளவு ஐந்தரைக்கு எட்டரை சென்டிமீட்டர். ஏ4 போட்டோ தாளில் நிமிர்த்தி வைத்தால் 9 வரும், படுக்க வைத்தால் 10. பளபளத் தாளில் போட்டு இரண்டு பக்கமும் லேமினேட் செய்தால் உப்புக்காற்றுக்கும் தாங்கும். சொந்த பர்சில் வைத்துக்கொள்ள மட்டும், விற்கக் கிளம்பிவிடாதீர்கள். மூலைகளை வளைவாக வெட்டக் கருவி கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வெட்டலாம்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது 2024-ல் வந்த சமையல் கேம், ‘பிடிஎஸ் குக்கிங் ஆன்’. ஏழு பேரும் டைனிடான் என்கிற குட்டி கார்ட்டூன் பொம்மைகளாக வருவார்கள், நாம் சாப்பாட்டுக் கடை நடத்த வேண்டும், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்குள் தட்டு போய்ச் சேர வேண்டும். தங்கச்சிதான் இறக்கினாள். தடைக்காலத்தில் சும்மா இருந்த சித்தி எட்டிப் பார்த்தார், அப்புறம் வாங்கிப் பார்த்தார், இப்போது திருப்பித் தருவதில்லை. பாதி நேரம் ஆளுக்கு ஆள் பேர் தெரியாது, “அந்தச் செவத்த பொம்மை” என்பார். ஆனால் கடையைச் சித்தி நடத்துகிற வேகம் எங்கள் இரண்டு பேருக்கும் வராது, காசு கேட்கிற திரை வந்தால் படித்தும் பார்க்காமல் மூடிவிடுவார். விசைப்படகு இறங்கின அன்றைக்கு விடியற்காலையில் மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது போனைத் தங்கச்சி கையில் கொடுத்து, “சட்டி அடுப்புல இருக்கு, கருக விட்றாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.